ஓரம் வெட்டாத படம்

எனக்குப் பெண் பார்க்கப் போன அன்றைக்கே, பெண்ணின் அம்மா ஒரு சினிமாவில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர் பெண்ணின் தாய்மாமன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"மாப்பிள்ளை, எங்க அம்மிணி சினிமாவுல நடிச்சவளாக்கும். சம்பந்தம் பண்றதுக்கு முன்னாடி நல்லா யோசிச்சுக்கங்க."

வந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே அடுப்படியில் ஒரு பாத்திரத்தைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. கொஞ்சம் வேகமாகவே வைத்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. நல்ல குணத்தால் அல்ல. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சும் வராது, சிரிப்பும் வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். அந்த ஐந்து வருடத்திலும் வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பெண் பார்க்கப் போன அன்றும் காபித் தம்ளரைத்தான் பார்த்தேன். பையன் அடக்கமானவன் என்று அவர்களாகவே முடிவு செய்து பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள். அது தொண்ணூற்றேழாம் வருடம்.

கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவிதான் அந்தக் கதையை முழுதாகச் சொன்னாள். அவள் அம்மாவுக்குப் பதினாறு வயது இருக்கும்போது எங்கள் மலையில் தேவனூர் நாட்டுப் பக்கம் ஒரு சண்டைப் படம் எடுக்க வந்தார்கள். இரண்டு வேன், ஒரு ஜீப், கண்ணாடி மாதிரி பளபளக்கிற பெரிய பெரிய அட்டைகள். அம்மாவின் அப்பாவுக்குச் சொந்தமான சாமைக் காட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாறை. அந்தப் பாறை மேல் கதாநாயகனும் மீசைக்கார வில்லனும் காலை முதல் மத்தியானம் வரை உருண்டார்கள். என் மாமியார் ஆடு மேய்க்கப் போனவர், கையில் கோலோடு அங்கேயே நின்றுவிட்டார். படத்தில் அவரும் சேர்ந்து விழுந்துவிட்டார். அவர் சொல்வது அவ்வளவுதான். "நானும் அதுல வாரேன்" என்பார்.

படம் வெளிவந்தபோது கீழே காளப்பநாயக்கன்பட்டியில் டெண்ட் கொட்டகையில் ஓடியது. அப்போது மலையிலிருந்து நடந்துதான் இறங்க வேண்டும். பெண்பிள்ளைகளைக் கூட்டிப் போகவில்லை. அவருடைய அண்ணன், அதாவது எனக்கு அந்தக் கதையை முதலில் சொன்ன தாய்மாமன், கூட்டாளி ஒருவரோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் ஊர் நடுவில் நின்று, "முழுப் படமும் பார்த்தாச்சு. அம்மிணியும் இல்ல, ஆடும் இல்ல" என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். அவருக்குச் சினிமாக்காரி என்று பெயர் ஆகிவிட்டது. பெயரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவர் எதைச் சொன்னாலும், "இதுவும் அந்தப் படத்துல வந்தாப்பலதானா?" என்று கேட்பது ஊருக்குப் பழக்கமாகிவிட்டது. ஒருமுறை பலாத் தோப்பில் கரடி நிற்கிறது என்று ஓடிவந்து சொல்லியிருக்கிறார். கரடிக்கு என்ன வேஷம் என்று கேட்டுவிட்டு இரண்டு பேர் தோப்புக்குள் போனார்கள். போன வேகத்தைவிடத் திரும்பிய வேகம் அதிகம். ஒருவர் வேட்டி இல்லாமல் வந்தார். அப்போதும் ஊர், கரடி இருந்தது என்றுதான் சொன்னதே தவிர, அவர் சொன்னது சரி என்று சொல்லவில்லை.

இதையெல்லாம் நான் மாமியாரிடம் நேராகக் கேட்டிருக்க முடியாது. எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகன் முன்னால் வந்து நிற்க மாட்டார். நேருக்கு நேர் பேச்சும் கிடையாது. சோறு போட வேண்டும் என்றால் கதவுக்குப் பின்னால் நின்று, "கண்ணு, ரசம் வேணுமான்னு கேளு" என்று மகளிடம் சொல்வார். மகள் கேட்பதற்குள் எனக்குக் கேட்டுவிடும். நானும் மகளிடம்தான் பதில் சொல்ல வேண்டும். மகள் அங்கே இல்லாவிட்டால் அவர் சுவரைப் பார்த்துச் சொல்வார், நான் தட்டைப் பார்த்துத் தலையாட்டுவேன். கூச்சக்காரனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. எட்டு வருடம் இப்படியே சந்தோஷமாக ஓடியது.

அந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது கல்யாணமான அடுத்த வருடம், தாய்மாமன் வீட்டுக் காதுகுத்தில். கீழேயிருந்து டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு வந்தன. டெக்கை ஒருவர் ஜமுக்காளத்தில் சுற்றி, பஸ்ஸில் எழுபது வளைவுக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். விருந்து முடிந்த மத்தியானம், ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு, வீடு நிறைய ஆட்கள் உட்கார்ந்தார்கள். மாமா வேண்டுமென்றே அந்தச் சண்டைப் படத்தைத்தான் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

"இன்னைக்கு வீடியோ சாட்சி. அம்மிணி, வா, உன்னையக் காட்டு" என்று அடுப்படிப் பக்கம் பார்த்துக் கத்தினார்.

கேசட் நகலுக்கு நகல். கதாநாயகனின் சட்டை சிவப்பு. அந்தச் சிவப்பு சட்டைக்குள் அடங்கி நிற்கவில்லை. அவன் நகர்ந்த பிறகு கொஞ்சம் பின்தங்கி வந்து சேர்ந்துகொண்டது. முகங்கள் வெயிலில் வைத்த வெல்லம்போல் இளகியிருந்தன. படத்தின் அடிப்பக்கத்தில் ஒரு கோடு நடுங்கிக்கொண்டே இருந்தது. சத்தமோ, தகரக் கூரையில் மழை பெய்யும்போது உள்ளே இரண்டு பேர் பேசுகிற மாதிரி. கரண்டும் குறைவு. மாவு மில் ஓட ஆரம்பித்தால் படம் நாலு பக்கமும் சுருங்கி நடுவில் வரும். மில் நின்றால் மறுபடி விரியும்.

பாறைச் சண்டை வந்தபோது படம் இன்னும் மோசமானது. திரை முழுக்கக் கோடு கோடாக ஓடியது. டெக் கொண்டுவந்தவர், "சண்டை வர்ற எடத்துலதாங்க இப்படி ஆவும். வாங்கிட்டுப் போறவங்க எல்லாரும் அதையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்கறாங்க. நாடா தேஞ்சு போச்சு" என்றார். டெக்கைத் திறந்து, வெள்ளைத் தாளை மடித்து உள்ளே எதையோ துடைத்தார். கோடு ஓடுவது ஒரு நிமிடம் நின்றது. அந்த ஒரு நிமிடத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். வில்லன் அடி வாங்குகிறான். ஆனால் அடிக்கிறவன் இல்லை. திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை மட்டும் வருகிறது, குத்துகிறது, போய்விடுகிறது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசும்போதும் இந்தப் பக்கம் ஒரு மூக்கு, அந்தப் பக்கம் ஒரு மூக்கு. நடுவில் வெறும் பாறை.

அது என்ன கணக்கு என்று அப்போது புரியவில்லை. கேட்கவும் கூச்சம்.

"எங்க புள்ள நீ?" என்றார் மாமா.

மாமியார் அடுப்படிக் கதவோரம் முறுக்குச் சட்டியோடு நின்றிருந்தார். நான் இருக்கிறேன் என்பதால் முகம் மட்டும் பாதி தெரிந்தது. "இத்தன கோட்டுல கதாநாயகனே தெரியல. என்னைய எங்கண்ணா தேடறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குச் சிரிப்பு அவர் பக்கம்தான் போனது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

அதற்கு நாலு வருடம் கழித்து நானே ஒரு சிடி பிளேயர் வாங்கினேன். அந்த வருடம் மிளகு நல்ல விளைச்சல். அன்னாசியும் பலாவும் ஏற்றிக்கொண்டு காளப்பநாயக்கன்பட்டிக்குப் போகும்போதெல்லாம் அங்கிருந்த சிடி கடையில் ஒரு படம் எடுத்து வருவேன். ஒருநாள் அந்தச் சண்டைப் படம் இருந்தது. இரண்டு சிடி. பாறைச் சண்டை இரண்டாவதில். அதைத் திருப்பிப் பார்த்தால் கோழி கிளறிய மண்போல் கீறல்.

கடைக்காரர், "பேஸ்ட்டப் போட்டுத் தேச்சுக் கழுவுங்க, ஓடும்" என்றார். வீட்டில் என் மனைவி பல் விளக்குகிற பேஸ்ட்டை விரலில் எடுத்து, குழந்தைக்கு மருந்து தடவுகிற மாதிரி தடவித் தேய்த்தாள். ஓடியது.

கோடு இல்லை. சிவப்பு, சட்டைக்குள்ளேயே இருந்தது. பாறையில் வளர்ந்திருந்த புல் தெரிந்தது. இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று நாங்கள் நினைக்கவே இல்லை. சத்தம் மட்டும் படத்துக்கு முன்னால் ஓடியது. கை விழுவதற்கு முன்பே குத்துச் சத்தம் வந்தது, அடி வாங்கப் போகிறவனுக்கு முன்கூட்டியே தகவல் சொல்வதுபோல. தூசி பறக்கிற இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, மறுபடி ஒட்டிக்கொண்டது. ஆனால் பாறைச் சண்டை முழுதும் பார்த்துவிட்டோம். ஆடு இல்லை. அம்மா இல்லை. இந்தத் தடவை கோட்டின் மேல் பழி போடவும் முடியாது.

என் மனைவி ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் அம்மா வீட்டுக்குப் போனாள். நானும் ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். நான் வாசலில் பழத்தை இறக்கும்போது உள்ளே பேச்சு கேட்டது.

"சிடி போட்டீங்களாமா. நான் இருந்தனா கண்ணு?"

"அந்த எடத்துல சிக்கிக்கிச்சும்மா. பாக்க முடியல."

என் மனைவி பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். மாமியார், "வெட்டிப் போட்டுட்டாங்களோ என்னவோ. அவங்களுக்கு நான் என்னத்துக்கு?" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. யாராவது சினிமாக்காரி என்று கூப்பிட்டால் முன்பெல்லாம் பதிலுக்கு ஒன்று கொடுப்பார். இப்போது பேசாமல் போனார். மாமா வீட்டு விசேஷங்களில் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவார். ஊர் நம்பாதபோது அவர் தளரவில்லை. தன்னையே அவர் நம்பாமல் போய்விட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து எனக்கு ரசம் வேண்டுமா என்று எட்டு வருடமாகக் கேட்ட ஒருவருக்கு, அவர் சொன்னது நிஜம்தான் என்று யாராவது காட்ட வேண்டும். யார் காட்டுவது என்று தெரியவில்லை. நானாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

சிடி போய் டிவிடி வந்த சமயம். ஒரு நாள் பலாப்பழ லோடு இறக்கிவிட்டு அந்தக் கடைக்குப் போனேன். கடை டிவியில் ஏதோ ஒரு பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஒரு கறுப்புப் பட்டை, கீழே ஒரு கறுப்புப் பட்டை. நடுவில் படம் நீளமாக, ஒல்லியாக. கடைக்காரர் ஒருவரிடம் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, படத்துல பாதியக் காணோம்னு திருப்பிக் கொண்டாந்தா நான் என்ன பண்றது? பட்டை புடிக்கலீன்னா இந்தப் பட்டன அமுக்குங்க. டிவி ரொம்பிக்கும்."

அவர் ரிமோட்டில் ஜூம் பட்டனை அமுக்கினார். கறுப்புப் பட்டைகள் மறைந்தன. படம் பெரிதாகித் திரை நிறைந்தது. வந்தவருக்குத் திருப்தி, வாங்கிக்கொண்டு போனார். ஆனால் நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டை இருந்தபோது ஒரு வண்டியும் அதை ஓட்டுகிறவனும் பக்கத்தில் நடந்துவருகிற இரண்டு பெண்களும் இருந்தார்கள். பட்டை போனதும் வண்டி மட்டும் இருந்தது. பெண்கள் இரண்டு பேரும் ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போயிருந்தார்கள்.

எனக்கு அந்தக் கை ஞாபகம் வந்தது. ஆள் இல்லாமல் வந்து குத்திவிட்டுப் போன கை.

கடையில் வேறு யாரும் இல்லை. அதனால்தான் கேட்க முடிந்தது. "இந்தப் பட்டை இருந்தா ஓரம் எல்லாம் தெரியுமாங்க?"

"ஆமாங்க. கொட்டாயில அகலத் திரையில ஓட்டின படம். டிவி சதுரம். அப்படியே உள்ள வெச்சா மேலயும் கீழயும் காலியாத்தான் நிக்கும். டிவிய ரொப்பணும்னா ரெண்டு ஓரத்தையும் வெட்டித்தான் ஆவணும். கேசட்டுல, சிடியில எல்லாம் அப்படித்தான் வெட்டிப் போட்டாங்க."

நான் அந்தச் சண்டைப் படத்தின் பெயரைச் சொன்னேன். டிவிடியில், பட்டையோடு வேண்டும் என்றேன். சேலத்தில் சொல்லி வாங்கித் தருகிறேன் என்றார். மூன்று வாரம் கழித்து வந்தது. நான் போன நேரம் கடையில் கரண்ட் இல்லை. போட்டுப் பார்க்க முடியவில்லை. பிளாஸ்டிக் மழைத்தாளில் சுற்றி, சட்டைக்குள் பனியனோடு சேர்த்து வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அதற்குள் என் மாமியார் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

டிவிடி பிளேயர் எங்கள் வீட்டில் இல்லை. மாமா வீட்டில்தான் இருந்தது. திருப்பூரில் வேலை செய்கிற அவர் மகன், பெரிய டிவியும் பிளேயரும் வாங்கி அனுப்பியிருந்தான். பொங்கலுக்கு மறுநாள் மத்தியானம் எல்லோரும் மாமா வீட்டில் கூடுவது வழக்கம். மாமியாரும் வந்திருந்தார். என் மனைவி டிவிடியை மாமா கையில் கொடுத்தாள். அவர் அட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மூணாவது தடவையாப்பா? அம்மிணி, உன்ற படம் வந்திருக்குது. வந்து உக்காரு."

"நான் ஊட்டுக்குப் போறண்ணா. ஆடு கட்டிக் கெடக்குது" என்றார் மாமியார் அடுப்படியிலிருந்து.

"இரும்மா. இன்னைக்கு மட்டும் இரு" என்றாள் என் மனைவி.

படம் ஆரம்பித்தது. நான் சிடியைத்தான் தெளிவு என்று நினைத்திருந்தேன். இது வேறு. கதாநாயகனின் நெற்றியில் வேர்வை தெரிந்தது. சட்டையில் ஒரு பொத்தான் வேறு நிறம் என்பது தெரிந்தது. மாமா கோயில் ரேடியோ செட்காரரிடம் ஒரு பெரிய பெட்டி ஸ்பீக்கரை வாங்கி வைத்திருந்தார். குத்துச் சத்தம் கையோடு சரியாக விழுந்தது. ஒவ்வொரு குத்துக்கும் பரண் மேலிருந்த அலுமினியச் சட்டிகள் அதிர்ந்தன.

ஆனால் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை.

"என்ன இது, பாதி டிவி சும்மா கெடக்குது?" என்றார் மாமா.

"இருட்டுப் புடிச்ச படத்தக் கொண்டாந்துட்டாரு மாப்பிள்ளை" என்றது ஒரு குரல்.

மாமாவுக்கு ரிமோட்டில் எல்லாப் பட்டனும் தெரியும். ஜூமை அமுக்கினார். டிவி நிறைந்தது. வீடே "ஆங், இப்பத்தான் படம்" என்றது. இரண்டு ஓரமும் போய்விட்டது. சொல்ல வேண்டும். ஆனால் அறை நிறைய ஆட்கள். எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத் தெம்பாக இருந்தார்கள். கதவுக்குப் பின்னால் மாமியார் வேறு. சொல்லிப் பார்த்து, படத்தில் அவர் இல்லாவிட்டால்? மூன்றாவது தடவையும் அவரை நடுக்கூடத்தில் நிறுத்தி ஊரைச் சிரிக்க வைத்தவன் நானாக ஆகிவிடுவேன். நான் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக ஒரு பாட்டு போனது, இடைவேளை போனது, ஒரு கார் வெடித்தது.

பாறைச் சண்டை வந்தது. ஓரத்திலிருந்து அந்தக் கை வந்தது. குத்தியது. போனது. சண்டை முடிந்தது.

மாமா எழுந்து நின்று, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "வணக்கமுங்க. இன்னைக்கும் எங்க அம்மிணி வரல."

சிரிப்பு ஓய்வதற்குள் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. மாமியார் பின்வாசல் பக்கம் நகர்கிறார் என்று தெரிந்தது.

"மாமா" என்றேன்.

யார் கூப்பிட்டது என்று மாமா என்னைத் தவிர எல்லோரையும் பார்த்தார்.

"மாமா, அந்தக் கறுப்பு வரட்டும்ங்க. மறுபடி சண்டையப் போடுங்க."

"மாப்பிள்ளைக்கு வாய் இருக்குதா!" என்றார். "எட்டு வருசமா ஊமைக்குப் பொண்ணக் குடுத்துட்டோம்னு நெனச்சிட்டு இருந்தேன்."

"கறுப்பு இருந்தாத்தானுங்க ஓரம் தெரியும். நீங்க அமுக்கினதுல ரெண்டு பக்கமும் வெட்டுப்பட்டுப் போச்சு."

"சும்மா போடுங்க மாமா. மாப்பிள்ளை கேட்டா இல்லீன்னு சொல்ல முடியுமா?" என்றார் யாரோ. மாமா சலித்துக்கொண்டே ஜூமை எடுத்தார். பட்டைகள் வந்தன. சண்டையின் ஆரம்பத்துக்குப் போனார்.

ஓரத்திலிருந்து கை வந்தது. கையோடு தோள் வந்தது, தோளோடு கதாநாயகன் வந்தான். முழு ஆளாக நின்று குத்தினான். அதற்கே கூட்டத்தில் ஒரு "அட" கேட்டது. வில்லன் பாறையில் உருண்டு இந்தப் பக்கம் வந்தான். அப்போது இடது ஓரத்தில், பாறைக்குப் பின்னால், பச்சையாக ஒரு சாமைக் காடு. காட்டின் வரப்பில் ஏழெட்டு ஆடுகள். ஆடுகளுக்கு முன்னால் ஒரு பெண். பாவாடையைத் தூக்கிச் செருகியிருந்தாள். கையில் கோல். கோலை நீட்டி நீட்டி, சண்டை போடுகிறவர்களைப் பார்த்து வாயை அகலத் திறந்து எதையோ கத்திக்கொண்டிருந்தாள்.

நாலு எண்ணுகிற நேரம். அவ்வளவுதான். பிறகு படம் வேறு பக்கம் திரும்பிவிட்டது.



"நிறுத்துங்க மாமா" என்றேன். அன்றைக்கு எனக்கே என் குரல் பழகிவிட்டது. மாமா கொஞ்சம் பின்னால் போய் நிறுத்தினார். பெண் கோலை ஓங்கியபடி அப்படியே நின்றாள். மாமா எழுந்து போய் டிவியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். அவர் அவ்வளவு நேரம் குனிந்து நின்று நான் பார்த்ததில்லை. பிறகு திரையில் விரல் வைத்தார். பெண் மேல் அல்ல.

"இது நம்ம கொம்பு ஒடஞ்ச கெடா" என்றார். "ஏய், இது என்ற கெடாய்யா! புளியஞ்சோலையில சிறுத்தைக்குக் குடுத்த கெடா."

"கெடா தெரியுது, கூடப் பொறந்தவ தெரியலியா?" என்றாள் என் மனைவி.

அதற்குப் பிறகு சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் இல்லாமலே சட்டிகள் அதிர்ந்தன. எல்லோரும் டிவிக்கு முன்னால் குவிந்தார்கள். மூக்கைப் பார், நிற்கிற நிலையைப் பார், இன்றைக்கும் கோலை அப்படித்தான் பிடிப்பாள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். யாரோ மாமியாரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நடுவில் நிறுத்தினார்கள். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரையைப் பார்த்தார். பதினாறு வயதுப் பெண் அவரைப் பார்த்துக் கோலை ஓங்கிக்கொண்டிருந்தாள். முப்பது வருடத்தில் அவர் அந்தப் பெண்ணைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"என்ன புள்ள சொல்ற அதுல?" என்று கேட்டார் மாமா. சத்தத்தைக் கூட்டி மறுபடி ஓட்டினார். குத்துச் சத்தமும் ட்ரம்பெட்டும்தான் வந்தன. எவ்வளவு நல்ல டிவிடி ஆனாலும் அவர் குரலை அந்தப் படத்தில் யாரும் சேர்க்கவில்லை.

மாமியார் முந்தானையை எடுத்தார். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். சுவரை அல்ல, தரையை அல்ல. என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"சாமைக்குள்ள மிதிக்காதீங்கடா நாசமாப் போறவனுங்களான்னு கத்தினேன் மாப்பிள்ளை. பாதிக் காட்டை உருண்டே அழிச்சுட்டானுங்க. நடிக்கவெல்லாம் இல்ல."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் கதவுக்குப் பின்னால் போகவில்லை. நானும் தலையைக் குனியவில்லை. "நல்லாக் கத்தியிருக்கறீங்க அத்தை" என்றேன். அதுதான் நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு.

மாமா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்சநேரம் அதன் பட்டன்களைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, ஒண்ணு சொல்லட்டா? வையக் கூடாது."

"சொல்லுண்ணா."

"அன்னைக்கு டெண்ட் கொட்டாயில நாங்க முழுப் படமும் பாக்கல. மலை ஏறோணுமே, வழியில கரடி இருக்கும்னு இடைவேளையிலயே கெளம்பி வந்துட்டோம். ஊர்ல கேட்டாங்க, முழுசாப் பாத்தோம்னு ஒரு பேச்சுக்குச் சொல்லிப் போட்டேன்."

"பாறைச் சண்டை இடைவேளைக்குப் பொறவுல்ல வருது!" என்றாள் என் மனைவி.

"ஆமா கண்ணு" என்றார் மாமா. என்னைவிடக் கூச்சமாக இருந்தது அவர் முகம்.

மாமியார் வைவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் அண்ணன் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார். "முப்பது வருசத்துக்குச் சேத்து இப்ப பாரு. போடு, இன்னொருக்கா" என்றார்.

மாமா போட்டார். பார்த்து முடித்ததும் மாமியார், இன்னொருக்கா என்றார். மாமா மறுபடி போட்டார். அன்றைக்கு அந்தச் சண்டையைப் பத்துத் தடவைக்கு மேல் பார்த்திருப்போம். ஏழாவது எட்டாவது தடவையில் ஊரே சேர்ந்து, அவர் வாயைத் திறக்கும் இடத்தில் சரியாக, "மிதிக்காதீங்கடா" என்று கத்த ஆரம்பித்துவிட்டது. படத்தில் இல்லாத குரலை நாங்களே போட்டுக்கொண்டோம். மாமா எல்லோரையும்விட உரக்கக் கத்தினார்.

அப்போது மாமியார் ஜன்னல் சாக்கை விலக்கி வெளியே எட்டிப் பார்த்தார். "மழ வருது. களத்துல மெளகு காயுது, அள்ளுங்க" என்றார்.

தை மாதத்தில் மழையா என்று யாரும் கேட்கவில்லை. இதுவும் அந்தப் படத்தில் வந்த மாதிரியா என்றும் கேட்கவில்லை. மாமாதான் முதலில் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பின்னாலேயே அத்தனை பேரும் ஓடினோம். பாயோடு சுருட்டி, முறத்தில் அள்ளி, மூட்டை மூட்டையாக மாமா வீட்டுக்குள் கொண்டுவந்து குவித்தோம். உட்கார இடமில்லாமல் மிளகுக்கு நடுவில் நின்றோம்.

மழை வரவில்லை. மேகம் ஒன்று வந்து, எங்கள் மேலே சற்று நின்று, துறையூர்ப் பக்கம் போய்விட்டது. வெயில் மறுபடி பளிச்சென்று அடித்தது.

மாமியார் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். "வர்ற மாதிரிதான் இருந்துச்சு" என்றார்.

"ஆமா அம்மிணி, இருந்துச்சு" என்றார் மாமா, தலைமுடியில் ஒட்டிய மிளகைத் தட்டிக்கொண்டே.